பார்ஸ்னிப் வளர்ப்பு: விதை முளைப்பது முதல் வேர் இனிப்பது வரை

பார்ஸ்னிப் பயிரிட்டு ஏமாந்தவர்களைக் கேட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒரு குறையைச் சொல்வார்கள். விதை முளைக்கவே இல்லை என்பது ஒன்று. வேர் நன்றாகப் பருத்தும் சுவையே இல்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டு இடங்களைக் கடந்துவிட்டால், நடுவில் வரும் நான்கைந்து மாதங்களில் இந்தப் பயிர் நம்மை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. அதனால் இந்த வழிகாட்டியிலும் விதைப்புக்கும் அறுவடைக்குமே கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேரட், கொத்தமல்லி, செலரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது பார்ஸ்னிப். தந்த நிறத்தில், கேரட்டைவிடத் தடித்த தலையோடு, கீழே கூம்பிச் செல்லும் ஆணிவேர்தான் நாம் உண்ணும் பகுதி. இது ஈராண்டுத் தாவரம். முதல் ஆண்டில் இலைகள் தயாரிக்கும் உணவையெல்லாம் வேரில் மாவுச்சத்தாகச் சேர்த்துவைக்கும். குளிர்காலத்தைத் தாண்டிய பிறகு, அந்தச் சேமிப்பைச் செலவழித்துப் பூத்தண்டு விட்டு விதை தரும். சேமிப்பு முடிந்து செலவு தொடங்காத இடைவெளியில் வேரை எடுத்துக்கொள்ள வேண்டும். அறுவடைக் காலத்தைப் பற்றிய எல்லா விதிகளும் இதிலிருந்து வருபவைதான்.

குளிர்ச்சியை விரும்பும் பயிர் இது. 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் இதற்கு மிகவும் உகந்தது. 25 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் நீடித்தால் வளர்ச்சி மந்தமாகும், வேரில் நார் ஏறும். நான்கு பருவங்களும் தெளிவாக இருக்கும் நாடுகளில் வசந்தத்தில் விதைத்து, இலையுதிர்காலக் கடைசியிலிருந்து குளிர்காலம் முழுவதும் தோண்டுவார்கள். வெப்ப நாடுகளில் குளிர்பருவம் தொடங்கும்போது விதைக்க வேண்டும். உயரமான மலைப்பகுதி என்றால் வாய்ப்பு இன்னும் கூடும். உறைபனி இல்லாத ஊரிலும் வேரை இனிக்கச் செய்ய ஒரு வழி இருக்கிறது. அறுவடைப் பகுதியில் அதற்கு வருகிறேன்.

விதை: புதியதாக மட்டும்

பார்ஸ்னிப் விதை தட்டையாக, ஓரத்தில் மெல்லிய சிறகோடு, காகிதச் செதில் போல இருக்கும். தக்காளி விதையோ முள்ளங்கி விதையோ பல ஆண்டுகள் தாங்கும். இது தாங்காது. முதல் ஆண்டில் நன்றாக முளைக்கும். இரண்டாம் ஆண்டில் முளைப்புத் திறன் வெகுவாகச் சரியும். அதன் பிறகு நம்ப முடியாது. எனவே பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். போன பருவத்தில் மிஞ்சியதைச் சிக்கனம் கருதி விதைப்பது வீண் சிக்கனம். விதைக்கு ஆகும் செலவு சிறியது. வெற்றுப் பாத்திக்கு ஒரு மாதம் தண்ணீர் ஊற்றிவிட்டு, பருவம் கைநழுவிப் போவதைப் பார்ப்பதுதான் பெரிய இழப்பு.

ரகத் தேர்வை உங்கள் மண்ணின் ஆழத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆழமான மண் இருந்தால் 'டெண்டர் அண்ட் ட்ரூ', 'ஹாலோ கிரவுன்' போன்ற நீள வேர் கொண்ட பழைய ரகங்கள் பொருந்தும். மண் ஆழம் குறைவு என்றாலோ, நெருக்கமாக நட்டுச் சிறிய வேர்கள் எடுக்க விரும்பினாலோ 'அவான்ரெசிஸ்டர்' நல்லது. வேர் தலையில் வரும் அழுகலையும் அது ஓரளவு தாங்கும். 'கிளாடியேட்டர்', 'ஜாவலின்' ஆகியவை கலப்பின ரகங்கள். வேர்கள் ஒரே அளவாக வரும், அழுகல் எதிர்ப்பும் உண்டு. முதன்முறை பயிரிடுபவருக்கு நான் கலப்பின ரகத்தைத்தான் சொல்வேன். பழைய ரகங்களின் சுவையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு முறை நல்ல விளைச்சலைப் பார்த்துவிடுவது உற்சாகம் தரும்.

இங்கே ஒரு கிளைக்கதை. 'தி ஸ்டூடன்ட்' என்ற ரகம் காட்டு பார்ஸ்னிப்பிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் இருந்த ராயல் வேளாண் கல்லூரியில் பேராசிரியர் ஜேம்ஸ் பக்மன், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காட்டு விதையை நல்ல மண்ணில் விதைத்து, ஒவ்வொரு தலைமுறையிலும் சிறந்த வேர்களை மட்டும் விதைக்கு விட்டார். ஒல்லியாகக் கிளைத்துக் கிடந்த காட்டு வேர், சில தலைமுறைகளிலேயே சதைப்பற்றுள்ள காய்கறியானது. 1860இல் சட்டன்ஸ் விதை நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே போன்ற நல்ல மண்ணைத்தான் நாமும் இந்த வேருக்குத் தர வேண்டியிருக்கிறது.

மண்: ஆழமும் பொலபொலப்பும்

வேர் எந்த வடிவில் வர வேண்டும் என்று நினைக்கிறோமோ அந்த வடிவத்துக்கு மண்ணில் தடையில்லாத பாதை இருக்க வேண்டும். 40 செ.மீ. ஆழம் வரை கொத்தி, கட்டிகளை உடைத்து, கற்களைப் பொறுக்கிவிடுங்கள். நுனி ஒரு கல்லில் முட்டினால் வேர் அங்கேயே இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும். உண்ணக்கூடியதுதான், ஆனால் தோல் சீவுவதற்குள் பொறுமை போய்விடும்.

புதிய சாணமோ பாதி மட்கிய தொழு உரமோ போடாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் இலை செழிக்கும், வேர் பின்தங்கும். வேர் கிளைக்கவும் கூடும். முந்தைய பயிருக்கு நன்றாக உரமிட்ட பாத்தியே போதும். மண் வளமற்றது என்றால் முழுவதும் மட்கிய உரத்தை மேல்மண்ணில் கலந்துவிடலாம். மண்ணின் பி.எச். அளவு 6 முதல் 7 வரை இருப்பது ஏற்றது.

களிமண்ணோ கல் நிறைந்த மண்ணோ வாய்த்தவர்கள் தோட்டம் முழுவதையும் மாற்ற முயல வேண்டாம். கடப்பாரையை 45 முதல் 60 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, வட்டமாகச் சுழற்றி, மேலே ஒரு சாண் அகலமும் கீழே கூர்மையுமாகக் கூம்புக் குழி செய்யுங்கள். சலித்த மண், மணல், மட்கிய உரம் மூன்றும் கலந்து அதில் நிரப்பி, நடுவில் மூன்று விதை ஊன்றுங்கள். காய்கறிக் கண்காட்சிகளுக்காக வளர்ப்பவர்கள் இதே முறையை மணல் நிரப்பிய பெரிய பீப்பாய்களில் செய்கிறார்கள். வேர் குழியின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் அகலத்தைவிட ஆழத்தைப் பாருங்கள். 45 செ.மீ. ஆழம் இருந்தால் பெரும்பாலான ரகங்கள் வளரும். குட்டை ரகங்களுக்கு 30 செ.மீ. போதும். அடியில் தண்ணீர் வடியும் துளைகள் அவசியம்.

விதைப்பு

மண் வெப்பம் 8 டிகிரிக்குக் கீழே இருந்தால் விதை வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். ஈரமும் சேர்ந்தால் அழுகிவிடும். 15 முதல் 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். 30 டிகிரியை நெருங்கினால் முளைப்பு மீண்டும் விழுந்துவிடும். குளிர்நாடுகளின் பழைய தோட்டக் குறிப்புகள் பிப்ரவரியிலேயே விதைக்கச் சொல்லும். நான் அதை ஏற்க மாட்டேன். மண் 10 டிகிரியைத் தாண்டும்வரை, அதாவது பெரும்பாலான இடங்களில் ஏப்ரல் வரை, காத்திருப்பவரின் பயிர் அவசரப்பட்டவரின் பயிரை எளிதாக எட்டிப்பிடித்துவிடும்.

காற்றில்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். சிறகுள்ள விதை உள்ளங்கையிலிருந்தே பறந்துவிடும். 30 செ.மீ. இடைவெளியில் வரிசைகள் போட்டு, ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. ஆழத்துக்குக் கோடு கீறி, முதலில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். நீர் உறிஞ்சியதும் 15 செ.மீ.க்கு ஓரிடம் என்று மூன்று மூன்று விதைகளாகப் போடுங்கள். தோட்ட மண்ணால் மூடினால் மேலே ஓடு கட்டி முளையைத் தடுக்கலாம். சலித்த மட்கு உரத்தால் மூடுவது நல்லது.

பிறகு முளைவிடும் வரை மேல்மண் ஒரு நாள்கூடக் காயக்கூடாது. பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு வாரம் ஊற்றுவார்கள், ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடுவார்கள். முளை வெடித்துக்கொண்டிருந்த விதை அந்த இரண்டு நாள் காய்ச்சலில் செத்துப்போகும். ஈரச் சாக்கை வரிசையின் மேல் விரித்துவைத்தால் வேலை பாதியாகும். ஆனால் பத்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பார்த்து, முதல் பச்சை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட வேண்டும்.

பார்ஸ்னிப் இடங்களுக்கு நடுவே முள்ளங்கி விதையைத் தூவுவது பழைய தந்திரம், இன்றும் பலிக்கிறது. முள்ளங்கி ஒரு வாரத்துக்குள் முளைத்து வரிசை எங்கே என்று காட்டிவிடும். களை எடுக்கும்போது பார்ஸ்னிப் வரிசையைக் கொத்தும் அபாயம் இல்லை. பார்ஸ்னிப்புக்கு இடம் தேவைப்படும் முன் முள்ளங்கியைப் பிடுங்கிச் சாப்பிட்டுவிடலாம்.

முளைப்பைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இன்னொரு வழி: ஈரமான காகிதத் துண்டில் விதைகளைப் பரப்பி, மூடியுள்ள பெட்டியில் 15 முதல் 20 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். ஒரு வாரத்துக்குப் பின் தினமும் பாருங்கள். வெள்ளை நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் எட்டியதும் சிறு இடுக்கியால் எடுத்து, ஒரு செ.மீ. ஆழத்தில் வைத்து மூடிவிடுங்கள். நுனி நீண்ட பிறகு நட்டால் அது உடையும் அல்லது மடங்கும். நாற்றுத் தட்டில் வளர்த்துப் பிடுங்கி நடுவதும் இதே காரணத்தால் உதவாது. ஆணிவேர் ஒரு முறை மடங்கினால் பிறகு நேராகாது. மட்கக்கூடிய அட்டைக் குழாய்களில் விதைத்து, வேர் அடியில் எட்டிப்பார்க்கும் முன் குழாயோடு நடுவதுதான் இதற்கு ஒரே விதிவிலக்கு.

முளைத்த பிறகு

வித்திலைகள் இரண்டும் நாடா போல ஒடுங்கி நீண்டிருக்கும். அடுத்து வரும் உண்மையான இலை வட்டமாக, ஓரம் பல் பல்லாக இருக்கும். இதை அறியாமல் களை என்று பிடுங்கிவிடுவது உண்டு.

செடிகள் 5 செ.மீ. உயரம் வந்ததும் ஓரிடத்தில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கலைத்துவிடுங்கள். பிடுங்காமல் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டுங்கள். பக்கத்துச் செடியின் வேர் அசையாது. 15 செ.மீ. இடைவெளி பெரிய வேர்களைத் தரும். விதைக்கும்போதே 8 முதல் 10 செ.மீ.க்கு ஓரிடம் என்று போட்டிருந்தால் சிறிய வேர்கள் கிடைக்கும். என் விருப்பம் இரண்டாவது. சிறிய வேரில் நடுத்தண்டு, அதாவது வேரின் உள்நடுப்பகுதி, மென்மையாக இருக்கும், அழுகலும் குறைவு.

களையைக் கையால் எடுங்கள். களைக்கொத்து வேரின் மேல்முனையான தோள்பகுதியைக் கீறினால் அந்தக் காயம் அழுகலுக்கு வாசலாகும். தண்ணீரை அடிக்கடி தெளிப்பதைவிட, வறண்ட காலத்தில் வாரம் ஒரு முறை ஆழமாக நனைப்பது சரி. நெடுநாள் காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் வேர் வெடிக்கும். கோடையில் மூடாக்கு போடுங்கள். மேலுரம் பொதுவாகத் தேவைப்படாது.

இலைச் சாறு: கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி

பார்ஸ்னிப்பின் இலையிலும் தண்டிலும் ஃபியூரனோகூமரின் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. இவை தோலில் பட்டு, அந்த இடத்தில் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரும் விழுந்தால், தீக்காயம் போலச் சிவந்து கொப்புளிக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும் என்பதால் காரணம் புரியாமல் போய்விடுகிறது. கருமையான தழும்பு மாதக்கணக்கில் இருக்கலாம். எனவே கலைக்கும்போதும் இலை வெட்டும்போதும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணியுங்கள். வெயில் தாழ்ந்த நேரத்தில் செய்யுங்கள். சாறு பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தை வெயிலில் படாமல் மூடிவையுங்கள். குழந்தைகளை இந்தப் பாத்தியில் விளையாட விடாதீர்கள். வேரைச் சமைத்து உண்பதற்கு இந்த எச்சரிக்கை தடையில்லை.

இரண்டு எதிரிகள்

வேரின் தோளில் செம்பழுப்பாகவோ கறுப்பாகவோ தொடங்கி உள்ளே இறங்கும் அழுகலை கேங்கர் என்பார்கள். பூஞ்சைகளால் வருவது. ஈரம் தேங்கும் மண், தோளில் காயம், மிகவும் முன்கூட்டிய விதைப்பு ஆகியவை அதற்குத் துணைபோகும். வந்த பிறகு மருந்து இல்லை. எதிர்ப்பு ரகம், வடிகால், சற்றுத் தாமதமான விதைப்பு, தோள் தெரியாதபடி மண் அணைத்தல், ஆண்டுக்கு ஆண்டு இடம் மாற்றுதல் இவைதான் தற்காப்பு.

மற்றொன்று கேரட் ஈ. அதன் புழுக்கள் வேரில் துருநிறச் சுரங்கம் தோண்டும். இந்த ஈ தரையை ஒட்டித் தாழ்வாகப் பறப்பது. அதனால் பாத்தியைச் சுற்றி 60 செ.மீ. உயரத்துக்கு வலைத் தடுப்பு கட்டுவார்கள். முழுவதும் நுண்வலையால் மூடினால் இன்னும் உறுதி. நசுங்கிய இலையின் வாசனை ஈயை அழைக்கும் என்பதால், கலைத்த செடிகளை அங்கேயே போட்டுவைக்காதீர்கள். அசுவினி, சாம்பல் நோய் எல்லாம் வரும், போகும். செடி அவற்றைத் தாங்கிக்கொள்ளும்.

எப்போது தோண்டுவது?

விதைப் பாக்கெட்டில் 110 நாள், 130 நாள் என்று எழுதியிருப்பார்கள். அந்த எண் வேர் பருக்க ஆகும் காலம். இனிக்க ஆகும் காலத்தை எந்தப் பாக்கெட்டும் சொல்லாது, ஏனென்றால் அது உங்கள் ஊர்க் குளிரின் கையில் இருக்கிறது.

முதலில் அளவைப் பாருங்கள். விரலால் மண்ணை விலக்கினால் வேரின் தோள் தெரியும். குறுக்களவு 4 முதல் 5 செ.மீ. இருந்தால் எடுக்கத் தக்கது. 8 செ.மீ.க்கு மேல் வளரவிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. எடை கூடும், நடுத்தண்டும் கட்டையாகும்.

அடுத்து இலை. வெளி இலைகள் மஞ்சளாகிச் சாயத் தொடங்கினால் செடி தன் வேலையை முடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். நோயால் மஞ்சளானதையும் வறட்சியால் வாடியதையும் இதோடு குழப்ப வேண்டாம். பருவம் முடிந்து மஞ்சளாகும்போது எல்லாச் செடிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே சாயும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது குளிர். வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும்போது, வேரில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. சர்க்கரை கரைந்த நீர் சற்றுத் தாழ்ந்த வெப்பத்தில்தான் உறையும் என்பதால், செடி தன் செல்களைப் பனியிலிருந்து காத்துக்கொள்ளும் வழி இது. ஒரே ஓர் இரவுப் பனி விழுந்ததும் கவையோடு ஓட வேண்டாம். இரண்டு மூன்று வாரங்கள் குளிர் நீடித்த பிறகு ஒன்றைத் தோண்டிச் சமைத்துப் பாருங்கள். மாவுச் சுவை மிஞ்சியிருந்தால் மற்றவற்றை விட்டுவையுங்கள். மண்ணைவிட நல்ல கிடங்கு கிடையாது.

ஆனால் அந்தக் கிடங்குக்கும் கெடு உண்டு. குளிர் முடிந்து, வேரின் தலையில் புதிய பச்சை இலை நுனிகள் தெரிந்தால் செலவு தொடங்கிவிட்டது. சேர்த்த சர்க்கரை மேலே ஏறும், நடுத்தண்டு மரமாகும். அந்த நுனிகளைக் கண்டதும் மிச்சம் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். முதல் ஆண்டிலேயே பூத்தண்டு விட்ட செடி எதுவானாலும் வேர் உண்ணத் தகாத அளவுக்குக் கட்டையாகியிருக்கும், அதைப் பிடுங்கிவிடலாம்.

உறைபனி இல்லாத ஊர்க்காரர்கள் குளிருக்காக வேரை மண்ணிலேயே வைத்திருப்பதில் பயனில்லை. அளவு வந்ததும் தோண்டி, துளையிட்ட பையில் போட்டு, குளிர்பதனப் பெட்டியின் மிகவும் குளிர்ந்த தட்டில் வையுங்கள். பூஜ்யம் முதல் ஒரு டிகிரியில் இரண்டு வாரம் இருந்தாலே பனி கண்ட வேரின் இனிப்பு வந்துவிடும். வீட்டுப் பெட்டி அவ்வளவு குளிர்ச்சி தராது என்றால் மூன்று நான்கு வாரம் பொறுங்கள்.

தோண்டும் முறையும் சேமிப்பும்

இலை முழுவதும் மறையும் முன் வரிசையின் இரு முனையிலும் குச்சி நட்டுவையுங்கள். பனிக்காலத்தில் வேர் எங்கே என்று தேட நேராது. இலையைப் பிடித்து இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும். வேரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நீண்ட பற்கள் உள்ள தோட்டக் கவையை நேராக ஆழமாக இறக்கி, சுற்றிலும் மண்ணைத் தளர்த்திய பிறகே நெம்புங்கள். நுனி முறிந்தால் பரவாயில்லை, அதை முதலில் சமையுங்கள். நிலம் கல்லாக உறையும் ஊர் என்றால், முன்கூட்டியே 15 முதல் 20 செ.மீ. தடிமனுக்கு வைக்கோல் மூடாக்கு போடுங்கள். குளிர்காலத்தில் நீர் தேங்கும் நிலம் என்றால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

எடுத்த வேரைக் கழுவாமல், மண்ணை மட்டும் உதறுங்கள். இலையை ஒரு செ.மீ. விட்டு அகற்றுங்கள். காயம் படாதவற்றை மட்டும், ஈர மணலில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். உறைநிலையை ஒட்டிய குளிரும் மிகுந்த ஈரப்பதமும் இருந்தால் நான்கு மாதத்துக்குக் குறையாமல் இருக்கும். காற்று வறண்டால் வேகமாகச் சுருங்கிவிடும். ஆப்பிள், பேரிக்காய் அருகில் வைக்காதீர்கள்; அவை விடும் எத்திலீன் வாயு வேரில் கசப்பை உண்டாக்கும். நறுக்கிய துண்டுகளைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, ஆறவைத்து உறையவும் வைக்கலாம். நறுக்கியதும் பழுப்பேறும் என்பதால், எலுமிச்சைச் சாறு சில துளி விட்ட தண்ணீரில் போட்டுக்கொள்ளுங்கள்.

விதைக்கு விடுவதென்றால்

சிறந்த வேர்களில் சிலவற்றைத் தோண்டாமல் விட்டால் அடுத்த கோடையில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்டு எழுந்து, மஞ்சள் பூங்குடைகள் விரியும். காற்றில் சாயாமல் குச்சி கட்டுங்கள். பார்ஸ்னிப் கேரட்டுடன் கலக்காது. ஆனால் அருகில் காட்டு பார்ஸ்னிப் இருந்தால் பூச்சிகள் வழியாகக் கலந்துவிடும், அந்த விதை பயன்படாது. பூத்தண்டின் உச்சியில் வரும் முதல் குடையின் விதைதான் பெரியதும் நல்லதும். விதை பழுப்பேறி உதிரத் தொடங்கும் முன் குடையோடு வெட்டிக் காகிதப் பையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பக்கக் கிளைகளில் உள்ள மற்ற குடைகளை விதை பிடிக்கும் முன்னரே வெட்டி அகற்றுங்கள். வட அமெரிக்காவில் தோட்டங்களிலிருந்து தப்பிய பார்ஸ்னிப் சாலையோரங்களில் பரவிக் களையாகியிருக்கிறது. வெட்டும்போது நீளமான கையுறை அணியுங்கள். உயர்ந்த தண்டின் சாறு முகத்திலும் தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.